இதயம் தானாகத் துடிக்கிறது என்றால், அதன் வேகத்தை மாற்றுவது யார்?

“மூளை சொல்லாமலேயே இதயம் துடிக்கும் என்கிறார்கள். அப்படியானால் மாடிப்படி ஏறும்போதும் பயப்படும்போதும் அதன் வேகம் எப்படிக் கூடுகிறது? என் இ.சி.ஜி. ரிப்போர்ட்டில் ‘சைனஸ் ரிதம்’ என்று போட்டிருக்கிறார்கள், அது ஏதாவது கோளாறா?” இதுதான் கேள்வி.

இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். கோளாறு இல்லை. துடிப்பு எங்கிருந்து தொடங்க வேண்டுமோ அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று பொருள். மூக்கடைப்போடு வரும் சைனஸுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் வீணாகக் கலங்கிப் போகிறார்கள். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

இதயம் தானாகத் துடிக்கும் என்பது உண்மை. தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, சரியான அளவில் உப்புகள் கலந்த நீரில் வைத்தால், ஒரு நரம்புகூட இணைந்திராத நிலையிலும் அது துடித்துக்கொண்டே இருக்கும். அந்த நீரில் கால்சியம் இல்லாவிட்டால் துடிப்பு நின்றுபோகும் என்பதை 1880களிலேயே சிட்னி ரிங்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர் கண்டார். மனிதரிலும் அப்படித்தான். இதய மாற்று அறுவைசிகிச்சையில் நரம்புகளையும் வெட்டித்தான் இதயத்தை எடுக்கிறார்கள், ரத்தக் குழாய்களைத் தைப்பதுபோல் நரம்புகளைத் திரும்ப இணைப்பதில்லை. இருந்தும் புது உடலில் அது துடிக்கிறது. அதன் வேகத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

துடிப்பு பிறக்கும் இடம் வலது மேலறையின் உச்சி. உடலின் மேல்பாதியிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் பெருஞ்சிரை வந்து சேரும் மூலையில், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளமும் சில மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு திசுத்துண்டு. சைனோ ஏட்ரியல் கணு என்று பெயர், சுருக்கமாக எஸ்.ஏ. கணு. இதைக் கண்டுபிடித்தவர்கள் ஆர்தர் கீத்தும், அப்போது மருத்துவ மாணவராக இருந்த மார்ட்டின் ஃப்ளாக்கும். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் அகழெலியின் இதயத்தை நுண்நோக்கியில் பார்த்தபோதுதான் இது முதலில் கண்ணில் பட்டது. 1907இல் வெளியிட்டார்கள். சைனஸ் ரிதம் என்பதில் உள்ள ‘சைனஸ்’ இந்தக் கணுவைக் குறிக்கும்.

சரி, அந்தத் திசுவுக்குள் அப்படி என்ன இருக்கிறது?

சாதாரண இதயத் தசைச் செல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்தோடு ஒப்பிட்டால் அதன் உட்புறம் சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் இருக்கும். யாராவது வந்து தட்டி எழுப்பும்வரை அங்கேயே இருக்கும். எஸ்.ஏ. கணுவின் செல்லுக்கு இந்த ஓய்வு கிடையாது. ஒரு துடிப்பு முடிந்து சுமார் மைனஸ் 60க்கு இறங்கியதும், அடுத்த நொடியே மெல்ல மெல்ல மேலே ஏறத் தொடங்கிவிடும். மைனஸ் 40ஐ ஒட்டி வரும்போது கால்சியத்துக்கான வாயில்கள் படாரென்று திறக்கும். கால்சியம் உள்ளே பாயும், மின்னழுத்தம் பூஜ்ஜியத்தைத் தாண்டும். அதுதான் ஒரு துடிப்புக்கான சமிக்ஞை. பிறகு பொட்டாசியம் வெளியேறும், செல் மறுபடி மைனஸ் 60க்கு இறங்கும். மறுபடி ஏற்றம்.

அந்த மெல்லிய ஏற்றத்துக்குக் காரணம் ஒரு கசிவு. செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் உள்ள வாயில்களில் பெரும்பாலானவை மின்னழுத்தம் கூடும்போது திறப்பவை. ஆனால் இந்தக் கணுவில் நிறைய இருக்கும் ஒரு வகை, அழுத்தம் கீழே இறங்கும்போது திறக்கிறது. திறந்ததும் சோடியம் சிறிது சிறிதாக உள்ளே கசிகிறது. இதை 1979இல் விளக்கிய பிரவுன், டிஃபிரான்செஸ்கோ, நோபிள் ஆகிய மூவருக்கும் இந்த நடத்தை மிக விநோதமாகப் பட்டது, ‘விநோத மின்னோட்டம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், ஒரு துடிப்பு முடிந்து செல் கீழே இறங்குவதே அடுத்த துடிப்புக்கான கதவைத் திறந்துவிடுகிறது. வெளியிலிருந்து யாரும் சாவி கொடுக்க வேண்டியதில்லை. இந்தக் கசிவு மட்டுமே எல்லாவற்றையும் செய்வதில்லை. செல்லுக்குள் சேமித்து வைத்திருக்கும் கால்சியம் அவ்வப்போது வெளிவருவதும் ஏற்றத்துக்குத் தோள் கொடுக்கிறது. இரண்டில் எது முதன்மை என்று ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. எனக்கு இரண்டும் பின்னிக்கொண்டு வேலை செய்வதாகப் பார்ப்பதே பொருத்தமாகப் படுகிறது.

பழைய காலத்து நாழிகை வட்டிலை நினைத்துக்கொள்ளலாம். அடியில் சிறு துளை போட்ட கிண்ணம் நீரில் மிதக்கும். துளை வழியே நீர் ஏறி, நிறைந்ததும் மூழ்கும். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சீக்கிரம் மூழ்கும், கிண்ணத்தை ஆழமானதாக மாற்றினால் தாமதமாகும். எஸ்.ஏ. கணுவின் வேகத்தை மாற்றுவதற்கும் இந்த இரண்டு வழிகள்தான் முக்கியம். கசிவைக் கூட்டலாம் குறைக்கலாம், அல்லது ஏற்றம் தொடங்கும் இடத்தை இன்னும் கீழே தள்ளலாம். நரம்புகள் செய்வது இவ்வளவுதான். அவை துடிப்பை உண்டாக்குவதில்லை, ஏற்றத்தின் சரிவை மாற்றுகின்றன.

சரிவை மாற்ற இரண்டு தரப்பு உண்டு. ஒன்று மூளைத்தண்டிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு. இன்னொன்று முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் பரிவு நரம்புகள்.

வேகஸைத் தூண்டினால் இதயம் மெதுவாகும் என்பதை 1845இல் வெபர் சகோதரர்கள் காட்டிவிட்டார்கள். எப்படி என்பதுதான் தெரியாமல் இருந்தது. ஆட்டோ லோவி என்ற மருந்தியல் ஆய்வாளர் ஒருநாள் நள்ளிரவில் விழித்து ஒரு சோதனைக்கான யோசனையைத் துண்டுச்சீட்டில் கிறுக்கி வைத்தாராம். காலையில் எடுத்துப் பார்த்தால் தன் எழுத்து தனக்கே புரியவில்லை. மறுநாள் இரவு அதே யோசனை திரும்ப வந்தது, இந்த முறை எழுதி வைக்காமல் நேரே ஆய்வகத்துக்குப் போனார். இரண்டு தவளை இதயங்கள். முதலாவதின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது மெதுவானது. அந்த இதயத்தை நனைத்திருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்துக்கு மாற்றினார். எந்த நரம்பும் தூண்டப்படாத அதுவும் மெதுவானது. அப்படியென்றால் நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அந்தப் பொருள்தான் வேலை செய்கிறது. 1921இல் வெளியான இந்தச் சோதனைக்காக 1936இல் ஹென்றி டேலோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின்.

அசிட்டைல்கோலின் எஸ்.ஏ. கணுவின் செல்லில் வந்து ஒட்டியதும் பொட்டாசியம் வாயில்கள் திறந்துகொள்கின்றன. செல் இன்னும் கீழே இழுக்கப்படுகிறது, கிண்ணம் ஆழமாகிவிட்டது. கூடவே கசிவும் குறைகிறது. பரிவு நரம்பின் முனையிலிருந்து வரும் நார்அட்ரினலின் இதற்கு நேரெதிர். செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறின் அளவைக் கூட்டுகிறது, அது அந்த விநோத வாயிலின் உட்புற முனையில் நேரடியாகப் போய் ஒட்டி அதைச் சுலபமாகத் திறக்க வைக்கிறது. கசிவு கூடுகிறது, மைனஸ் 40 சீக்கிரம் வந்துவிடுகிறது.

இந்த இரண்டும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. வேகஸ் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலேயே வேகத்தை மாற்றிவிடும். பொட்டாசியம் வாயிலுக்கும் அசிட்டைல்கோலின் ஒட்டும் இடத்துக்கும் இடையே படிகள் குறைவு, வேலை முடிந்ததும் அசிட்டைல்கோலினைச் சிதைக்க ஒரு நொதி தயாராக இருக்கிறது. பரிவு நரம்பின் விளைவோ பல வேதிப்படிகளைத் தாண்டி வர வேண்டும். முழுதாகத் தெரியப் பல வினாடிகள் ஆகும், அடங்கவும் நேரம் எடுக்கும். பயம் போன பிறகும் நெஞ்சு படபடப்பது அடங்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

வேகஸின் சுறுசுறுப்பை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். அமைதியாக உட்கார்ந்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். ஐந்து வினாடி மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள், ஐந்து வினாடி மெதுவாக விடுங்கள். நாலைந்து முறை செய்தால் போதும். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வருவதும், விடும்போது இடைவெளி கூடுவதும் விரலில் தெரியும். இளம் வயதினரில் மிகத் தெளிவாக இருக்கும். மூச்சை இழுக்கும்போது வேகஸ் தன் பிடியைச் சற்றுத் தளர்த்துகிறது, விடும்போது மறுபடி பிடிக்கிறது. நாடி சீராக இல்லையே என்று இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது நல்ல ஆரோக்கியத்தின் அடையாளம்.

இப்போது நரம்பில்லாத மாற்று இதயத்துக்கு வருவோம். ஓய்வில் அது நிமிடத்துக்கு 70 முறை துடிப்பதில்லை. பெரும்பாலும் 90இலிருந்து 110 வரை இருக்கும். நரம்புகள் அப்படியே இருக்கும் ஒருவருக்கு, அவற்றின் இரண்டு தரப்பையும் மருந்தால் தடுத்தாலும் இதே கதைதான். இளம் வயதினரில் வேகம் 100ஐ ஒட்டிப் போய் நிற்கும், வயது கூடக்கூட அந்த எண் இறங்கும். அதாவது எஸ்.ஏ. கணுவை அதன் போக்கில் விட்டால் 100 என்பதுதான் அதன் சுபாவம். நாம் உட்கார்ந்திருக்கும்போது காணும் 70, வேகஸ் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பதால் வருவது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பலர் மனதில் இருக்கும் படம் தலைகீழானது. இதயம் மெதுவாகத்தான் ஓடும், தேவைப்படும்போது மூளை முடுக்கிவிடும் என்று நினைக்கிறோம். மாடிப்படி ஏறத் தொடங்கிய முதல் சில வினாடிகளில் நடப்பது முடுக்கல் அல்ல, கடிவாளம் தளர்வதுதான். 70இலிருந்து 100 வரையிலான ஏற்றத்தில் பெரும்பங்கு வேகஸ் விலகுவதால் வருகிறது. அதற்கு மேலே போகத்தான் பரிவு நரம்புகளும் ரத்தத்தில் வரும் அட்ரினலினும் வேண்டும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர் நடக்கத் தொடங்கினால் அவரது இதயம் உடனே வேகமெடுக்காது. ரத்தத்தின் வழியாக அட்ரினலின் வந்து சேரும்வரை சில நிமிடங்கள் தாமதிக்கும், உட்கார்ந்த பிறகும் சட்டென்று இறங்காது. அவர்களை உடற்பயிற்சிக்கு முன் மெதுவாக உடலைத் தயார்செய்யச் சொல்வது இதனால்தான்.

படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போதும் இதே கடிவாளம்தான். ரத்தம் கால்பக்கம் இறங்கும், கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் மூளைத்தண்டுக்குத் தகவல் சொல்லும், வேகஸ் உடனே தளரும். அப்புறம் நரம்பே சம்பந்தப்படாத வழிகளும் உண்டு. காய்ச்சலில் உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் நாடி சுமார் 10 கூடும், ஏனென்றால் சூட்டில் அந்த வாயில்களே வேகமாக இயங்குகின்றன. தைராய்டு அதிகமானாலும் வேகம் கூடும்.

இதுவரை பேசியது சமிக்ஞை பிறப்பதைப் பற்றி. அது பரவும் விதத்திலும் வேகத்தின் மீது ஒரு கட்டுப்பாடு இருக்கிறது.

எஸ்.ஏ. கணுவில் பிறந்த மின் அலை செல்லிலிருந்து செல்லுக்குத் தாவி, சுமார் 0.1 வினாடிக்குள் இரண்டு மேலறைகளிலும் பரவிவிடும். மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே மின்சாரம் கடக்க முடியாத நார்த்திசு வளையம் ஒன்று இருக்கிறது. அதில் வழக்கமாக ஒரே ஒரு வாசல்தான் உண்டு. அதன் முகப்பில் இருப்பது ஏட்ரியோ வென்ட்ரிகுலார் கணு, சுருக்கமாக ஏ.வி. கணு. ஜப்பானிலிருந்து ஜெர்மனியின் மார்புர்க் நகருக்குப் போய் லுட்விக் ஆஷோஃபிடம் ஆராய்ச்சி செய்த சுனாவோ தவாரா இதை 1906இல் விவரித்தார். வேடிக்கை பாருங்கள், வழியின் கடைசிப் பகுதியாகக் கீழறைகளுக்குள் பரவும் பர்கின்ஜி நார்களை 1839இலும், நடுவில் உள்ள ஹிஸ் கற்றையை 1893இலும், ஏ.வி. கணுவை 1906இலும், தொடக்கப்புள்ளியை 1907இலும் கண்டுபிடித்தார்கள். வழியின் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி மனிதன் நடந்திருக்கிறான். இந்தத் துண்டுகளெல்லாம் ஒரே பாதையின் பகுதிகள் என்று சேர்த்துப் பார்த்த பெருமை தவாராவுக்கு உண்டு.

ஏ.வி. கணுவில் மின் அலை ஏறக்குறைய ஊர்ந்து போகிறது, வினாடிக்குச் சுமார் 5 சென்டிமீட்டர். பர்கின்ஜி நார்களில் அதே அலை வினாடிக்கு 2 முதல் 4 மீட்டர் பாயும். இந்த ஊர்தல் குறையல்ல. மேலறைகள் சுருங்கித் தம்மிடமுள்ள மீதி ரத்தத்தைக் கீழறைக்குள் தள்ளி முடிக்க இங்கே கிடைக்கும் சுமார் 0.1 வினாடி அவகாசம் தேவை. அதற்குப் பிறகு தாமதம் கூடாது. கீழறைகளின் தசை முழுவதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுருங்கினால்தான் ரத்தம் வீச்சோடு வெளியேறும், அதனால் அங்கே விரைவுப்பாதை.

இதையெல்லாம் உங்கள் இ.சி.ஜி. தாளிலேயே பார்க்கலாம். வழக்கமான ஓட்டத்தில் ஒரு சிறு கட்டம் 0.04 வினாடி, ஐந்து சிறு கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 வினாடி. முதலில் வரும் சிறு மேடு பி அலை, அது மேலறைகளில் மின்சாரம் பரவுவது. எஸ்.ஏ. கணு மிகச் சிறியது என்பதால் அதன் சொந்த மின்னோட்டம் தாளில் தெரியாது. பி அலையின் தொடக்கத்திலிருந்து கூர்முனை கிளம்பும் இடம்வரை 3 முதல் 5 சிறு கட்டங்கள் இருக்கும், அதில் தட்டையான பகுதிதான் பெரும்பாலும் ஏ.வி. கணுவின் காத்திருப்பு. கூர்முனை கீழறைகளுடையது, அதன் பின் வரும் டி அலை அவை மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்புவது. இரண்டு கூர்முனைகளுக்கு இடையே 4 பெரிய கட்டங்கள் இருந்தால் 300ஐ 4ஆல் வகுங்கள், நாடி 75. ஒவ்வொரு கூர்முனைக்கும் முன்னால் ஒரு பி அலை, அதுவும் வலது மேல்மூலையிலிருந்து கிளம்பியதற்கான வடிவத்தில் இருந்தால், அதற்குத்தான் சைனஸ் ரிதம் என்று எழுதுவார்கள்.

ஏ.வி. கணுவுக்கு இன்னொரு குணம் உண்டு. சமிக்ஞைகள் நெருக்கமாக வரவர அது இன்னும் மெதுவாகும், ஒரு கட்டத்துக்கு மேல் சிலவற்றை விடாமல் தடுத்துவிடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நோயில் மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறான சமிக்ஞைகள் எழும். அத்தனையும் கீழே இறங்கினால் ஆள் பிழைக்க முடியாது. கீழறைக்கு ரத்தம் நிரம்ப நேரம் வேண்டும், இதயத்தின் சொந்தத் தசைக்குப் போகும் ரத்தமும் பெரும்பாலும் அது தளரும் நேரத்தில்தான் ஓடுகிறது. நிமிடத்துக்கு 75 என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி கிடைக்கும், 180 என்றால் 0.33தான். ஏ.வி. கணு வடிகட்டுவதால்தான் கீழறைகள் தப்பிக்கின்றன. அந்த வாசலைச் சுற்றிப் பிறவியிலேயே ஒரு கள்ளவழி அமைந்தவர்களும் உண்டு, உல்ஃப் பார்க்கின்சன் வொயிட் நோய்க்குறி என்பது அதுதான். அவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கைகொடுக்காமல் போகலாம், அதனால் படபடப்பும் மயக்கமும் வந்தால் சோதித்துப் பார்ப்பது மிக அவசியம்.

எஸ்.ஏ. கணு நின்றுபோனால்? பாதையின் மற்றப் பகுதிகளுக்கும் தானாகத் துடிக்கும் திறன் உண்டு, ஆனால் மெதுவாக. ஏ.வி. கணுவை ஒட்டிய பகுதி 40 முதல் 60, பர்கின்ஜி நார்கள் 20 முதல் 40. வழக்கமாக மேலிருந்து வரும் சமிக்ஞை இவை நிறையும் முன்பே இவற்றைத் தட்டிவிடுவதால் இவற்றின் குரல் வெளியே கேட்பதில்லை. நெடுநேரம் அடங்கியே கிடந்ததால், மேலிருந்து வருவது சட்டென்று நின்றாலும் இவை விழித்துக்கொள்ளச் சில வினாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் மூளைக்கு ரத்தம் குறைந்து ஆள் மயங்கி விழுவார். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விழுந்து, சில வினாடிகளில் தெளிந்து எழுந்தால், வெறும் களைப்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாடி 50 என்பது மட்டும் நோயல்ல, நன்கு பயிற்சி செய்பவர்களுக்கும் தூக்கத்தில் இருப்பவர்களுக்கும் அது இயல்பு. தலைசுற்றலோ மயக்கமோ மூச்சுத்திணறலோ அதோடு சேர்ந்து வருகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பாதை பழுதானவர்களுக்குத்தான் பேஸ்மேக்கர். உடலுக்குள் முழுதாகப் பொருத்தப்பட்ட முதல் கருவி 1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. அறுவை செய்தவர் ஓகே சென்னிங், கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட். முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. ஆனால் லார்சன் கருவி மாற்றிக் கருவி மாற்றி 2001வரை, 86 வயதுவரை வாழ்ந்தார். அந்தக் காலத்துக் கருவிகள் ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருந்தால் போதும், மாடிப்படிக்குப் போதாது. இன்று பல கருவிகளுக்குள் அசைவை உணரும் உணரி இருக்கிறது. நடந்தால் வேகத்தைக் கூட்டும், நின்றால் குறைக்கும். வேகஸ் செய்வதன் ஒரு சிறு பகுதியை அது செய்து பார்க்கிறது. அசைவை மட்டும் நம்பும் கருவியை வைத்திருப்பவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தபடி எதையாவது நினைத்துப் பயந்தால், அந்தக் கருவிக்கு அது தெரியாது.